துணைக் கார்டு

“ஜோடியா வெளிநாடு போறவங்களுக்குன்னே மூணு கார்டு வெச்சிருக்கோம்மா” என்று வங்கிப் பெண் மூன்று மடிப்புத்தாள்களை மேசைமேல் பரப்பினாள்.

மேல்தாளில் இளஞ்சோடி ஒன்று கடலோரத்தில் அன்றிற்புள்போல் ஒட்டி நின்றது. மனைவி அதைப் பார்த்தாள். கணவரோ மூன்று தாள்களையும் கவிழ்த்துப் போட்டார்.

அது அவர் வழக்கம். அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்தே தலை நரைத்தவர். பொடி எழுத்தில்தான் உண்மை குடியிருக்கும் என்பார். பேருந்துச் சீட்டின் முதுகைக்கூட விட்டுவைக்க மாட்டார். கல்யாணப் பத்திரிகை வந்தால், மணமக்களை வாழ்த்துமுன் ஒற்றுப்பிழையைத் தேடுவார்.

அப்படிப்பட்டவர் சிலகாலமாக ஒன்றை மட்டும் படிக்காமல் விட்டிருந்தார்.

மாத்திரையை.

உறையிலிருந்து பிரித்து ஒரு சிமிழில் போட்டு, “சத்து மாத்திரை” என்று அவள் நீட்டினாள். என்ன ஏது என்று கேளாமல் விழுங்கினார். கண் மங்கிவிட்டது போலும் என்று அவள் நினைத்தாள். கணவன் கண் மங்கியதற்காக இறைவனைக் கைகூப்பித் தொழுதவள் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

மருத்துவர் அவளைத் தனியே அழைத்துத்தான் சொல்லியிருந்தார். ஓராண்டு தாண்டுவது அரிது. எங்கேனும் அழைத்துப் போகும் எண்ணமிருந்தால் இப்போதே போய்விடுங்கள். அவரிடம் வயிற்றுப்புண் என்று சொல்லிவைத்தாள்.

அவர் எப்போதோ மெய்ப்புப் பார்த்த பயணநூல் ஒன்றில் பனிமலை ஏரி ஒன்று வரும். “ஒரு பக்கத்துல நீலம்னு எழுதியிருக்கான், மறுபக்கத்துல பச்சைங்கறான். எது பிழைன்னு நேர்ல போய்த்தான் பாக்கணும்” என்று காலமெல்லாம் சொல்லிவந்தார். அந்த ஏரியை அவர் பார்த்துவிட வேண்டும். ஒன்றும் அறியாமல், சிரித்த முகத்தோடு பார்த்துவிட வேண்டும். அவள் வேண்டுதல் அவ்வளவே.

“இதுல வெளிநாட்டுச் செலவுக்குத் தனிக் கட்டணம் கிடையாது. இதுல ஏர் மைல் சேரும், அப்புறம் டிக்கெட்டுல கழிச்சுக்கலாம். இதுல ஏர்போர்ட் லவுஞ்ச் ரெண்டு பேருக்கும் ஃப்ரீ, சாஞ்சு உக்காந்துக்கலாம்.”

“அதான் வேணும்” என்று அவள் தன் முழங்காலைத் தட்டிக் காட்டினாள். “எனக்கு முட்டி வலி.”

அவள் முட்டிக்கு ஒரு குறையும் இல்லை. வாசற்படியிலிருந்து இந்த மேசைக்கு வருவதற்குள் மூச்சு வாங்க நின்றவர் அவர்.

“கார்டோட இன்சூரன்ஸும் வரும். யாருக்காச்சும் முன்னாடியே ஏதாவது நோய் இருக்கா?”

கேள்வி முடியுமுன் அவள் முந்திக்கொண்டாள். “ஒண்ணும் இல்லம்மா. இவருக்கு வாய்தான் கொஞ்சம் நீளம். அதுக்கு இன்சூரன்ஸ் உண்டா?”

பெண் சிரித்தாள். அவரும் சிரித்தார்.

“அப்போ சார் பேர்ல முதல் கார்டு, அம்மாவுக்குத் துணைக் கார்டு.”

“மாத்திப் போடும்மா” என்றார் அவர், தாளிலிருந்து தலை நிமிராமல். “முதல் கார்டு அவ பேர்ல. அவளுக்கும் பள்ளிக்கூடப் பென்ஷன் வருதே.”

“வீட்டுச் சாவி முதற்கொண்டு உங்க இடுப்புலதானே தொங்குது! இன்னிக்கு என்ன புதுசா எனக்குப் பட்டாபிஷேகம்?”

“இத்தனை வருஷமா வீட்டுல நான் துணைக் கார்டுதானே? இங்கயும் அப்படியே அச்சடிக்கட்டும்.”

பெண் மீண்டும் சிரித்துவிட்டு, படிவத்தைத் திருத்தினாள். பிறகு, எல்லோரிடமும் சொல்வதைப்போல இயல்பாகச் சொன்னாள். “ஒரு விஷயம் சொல்லிடறேன். முதல் கார்டுக்காரங்களுக்கு ஏதாவது ஒண்ணு ஆயிடுச்சுன்னா, துணைக் கார்டு நின்னுடும். வெளிநாட்டுல இருந்தாலும் சரி. துணைக் கார்டுக்காரங்களுக்கு ஆச்சுன்னா, முதல் கார்டு அதுபாட்டுக்கு ஓடும்.”

“பின்பக்கம், கடைசி வரி” என்றார் அவர். “படிச்சேன்.”

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார். இரண்டு வில்லைகளையும், பொறுமையாக.

முகமறியாத ஊர். மொழி புரியாத மருத்துவமனையில் பணம் கட்டும் சன்னல். அதன்முன் அவள் தனியே நின்று ஓர் அட்டையை நீட்டுகிறாள். அது செல்லுகிறது. மறுநாள் விமான நிலையத்திலும் செல்லுகிறது. அவள் வீடு வந்து சேர்கிறாள்.

அந்தப் பக்கத்தை அவர் முன்னமே மெய்ப்புப் பார்த்து முடித்திருந்தார்.

“இங்க ஒரு கையெழுத்து போடுங்கம்மா.”

கரும்பலகையில் கோடு போடாமலே நேராக எழுதிய கை அவளுடையது. இன்று பேனா அவள் பெயரின் நடுவிலேயே தடுமாறியது. ஓர் எழுத்தை விட்டுவிட்டு அப்பால் போய் நின்றது.

அவர் தாளை வாங்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அச்சுக்குப் போகும் பக்கத்தைப் பார்ப்பதுபோல் மேலிருந்து கீழே வந்தார். விட்டுப்போன எழுத்தின் அடியில் அவர் சுட்டுவிரல் நின்றது.

வெகுநேரம் நின்றது.

பிறகு நகர்ந்தது. தாளைப் பெண்ணிடம் கொடுத்தார். மனைவியின் பக்கம் திரும்பி உள்ளங்கையை விரித்தார்.

“ஒரு பிழையும் இல்ல. அந்தச் சத்து மாத்திரையக் குடு, நேரமாச்சு.”