சுவருக்கு வலித்தபோது

கதிரவன் தன் மனைவி நிலானியை ஹால் சுவரில் மோதும்படி தள்ளிய சிறிது நேரத்தில் அழைப்பு மணி அடித்தது. அந்தக் குடியிருப்பின் சுவர்களுக்குள் நரம்புகளைப் போலக் கண்ணாடி இழைகள் ஓடின. எங்கே அடிபட்டாலும் பராமரிப்பு அலுவலகத்துக்குத் தெரிந்துவிடும்.

அங்கிருந்து பணியாளர் ரெஜினா வந்தாள். நோயாளியைத் தொடுவதுபோல் சுவரைத் தொட்டாள்.

"அடிக்கடி இதே இடத்துல அடி விழுது சார். உள்ள இழை பாவம், ரொம்ப நொந்துபோயிருக்கு."

"பீரோவை நகர்த்தினோம்," என்றான் கதிரவன்.

நிலானி வீங்கிய நெற்றியோடு அவள் எதிரில் போய் நின்றாள். "என்னையும் கொஞ்சம் பாருங்கக்கா."

ரெஜினா பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். "எனக்குச் சுவரை மட்டும்தாம்மா பாக்கச் சொல்லியிருக்காங்க."

மறுநாள் ஆட்கள் வந்து அந்தச் சுவர் முழுக்கத் தடித்த பஞ்சு மெத்தை ஒட்டினார்கள். அவர்கள் போனதும் கதிரவன் அதில் ஓங்கி ஒரு குத்து விட்டான். சத்தமே இல்லை. யாரும் வரவில்லை. நிலானியைப் பார்த்துச் சிரித்தான். வழக்கம்போல் அவளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்குக் கிளம்பினான்.

நிலானி காய் நறுக்கும் கத்தியால் மெத்தையைக் கிழித்தாள். அம்மிக் குழவியைத் தூக்கி, வெறும் சுவரில் மீண்டும் மீண்டும் அடித்தாள். சுவர் இடிகிறதென்று மாடிதோறும் அபாயச் சங்கு அலறியது. மக்கள் தப்பிக்கட்டும் என்று கட்டிடம் எல்லாப் பூட்டுகளையும் தானே திறந்துவிட்டது.

படியேறி ஓடிவந்த காவலர்கள், வீக்கம் வடியாத நெற்றியோடு இறங்கியவளை விலக்கிவிட்டுச் சுவரிடம் ஓடினார்கள். அவளை யாரும் தடுக்கவில்லை.