மாமனார் வண்டியின் மைலேஜ்

"சத்தம் வராம வேலை பார்க்க முடியுமாண்ணே?" என்று மாப்பிள்ளை கிசுகிசுத்தார்.

"நான் பூட்டுக்குச் சாவி போட வந்தவன் சார். பூட்டை உடைக்க வந்தவன் இல்லை," என்றார் பூட்டுக்காரர், தெருவுக்கே கேட்கிற குரலில்.

மாப்பிள்ளை அண்ணாந்து பார்த்தார். தலைக்கு நேர் மேலே மாடிக் குளியலறை ஜன்னல். அங்கிருந்து தண்ணீர் கொட்டும் சத்தமும், அதற்கு மேல் மாமனாரின் பாட்டும் வந்துகொண்டிருந்தன. அந்தப் பாட்டு நிற்பதற்குள் வேலை முடிந்தாக வேண்டும்.

வீட்டின் பக்கவாட்டில் இரண்டு கார்கள் நின்றன. முன்னால் நின்றது மாப்பிள்ளையின் புதுக் கார். பின்னால், துணி போர்த்திக்கொண்டு ராஜமரியாதையோடு நின்றது மாமனாரின் பழைய கார். அவருக்குக் கல்யாணம் ஆன வருஷம் வாங்கியது. அதன் பெட்ரோல் டேங்க் மூடிக்குத் தனிப் பூட்டு, தனிச் சாவி. ஒரு சாவி மாமனாரின் சாவிக்கொத்தில் இருந்தது. மேசை இழுப்பறையில் சும்மா கிடந்த இன்னொன்றை மாப்பிள்ளை எப்போதோ சுட்டுவிட்டார். அதைத்தான் போன வாரம் எங்கேயோ தொலைத்துவிட்டு முழித்துக்கொண்டிருக்கிறார்.

பூட்டுக்காரர் புதுக் காரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேரே பழைய காரின் பின்பக்கம் போய்த் துணியை விலக்கி, மூடியின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். மாப்பிள்ளையின் கையிலிருந்த கேனைப் பார்த்ததும்தான் அவர் முகம் மாறியது.

"பெட்ரோல் திருட்டுக்கெல்லாம் நான் துணை போறதில்லை சார்."

"எடுக்கிறதுக்கு இல்லைண்ணே, ஊத்துறதுக்கு." மாப்பிள்ளை கேனைத் திறந்து காட்டினார். விளிம்பு வரை இருந்தது.

"மாமனார் வண்டியில, மாமனாருக்குத் தெரியாம, உங்க பெட்ரோலை ஊத்துறீங்க."

"ஆமா."

பூட்டுக்காரர் அரத்தைக் கீழே வைத்துவிட்டார். காரணம் சொல்லாமல் அது மேலே எழும்பாது போலிருந்தது. மாப்பிள்ளை வேறு வழியில்லாமல் கதையைச் சொல்லித் தொலைத்தார்.

போன வருஷம் பழைய கார் பட்டறைக்குப் போயிருந்தபோது, ஒரு வாரம் மாமனார் புதுக் காரின் முன்சீட்டில் வந்தார். அவர் சீட்டாடும் மன்றம் மாப்பிள்ளையின் ஆபீசுக்குப் பக்கத்தில்தான். கியரை மாற்றுங்கள், லாரிக்கு ஒதுங்குங்கள், இப்படியா வளைப்பது என்று வழி நெடுகப் பாடம். இல்லாத பிரேக்கை அவர் மிதித்த மிதியில் காலடி ரப்பர் விரிப்பு ஓட்டையாகிவிட்டது. கடைசி நாள் இறங்கும்போது, பழைய வண்டி பெட்ரோலை ரொம்பவும் குடிக்கிறது, இனியும் குடித்தால் விற்றுவிட்டுத் தினமும் உங்களோடேயே வந்துவிடுகிறேன் என்று அன்பாகச் சொல்லிவிட்டுப் போனார். மாப்பிள்ளைக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும், மாமனார் குளிக்கப் போகும் நேரம் பார்த்து டேங்கில் ஒரு கேன் இறங்கியது. பழைய கார் குடியையே விட்டுவிட்டது. என் வண்டி மாதிரி மைலேஜ் யார் வண்டி கொடுக்கும் என்று மாமனார் மன்றத்தில் மார்தட்டினார். சாவி தொலைந்ததும் பெட்ரோல் முள் சரசரவென்று இறங்கியது.

"நேத்து சாப்பிடும்போது புரோக்கரை வரச் சொல்லட்டுமான்னு கேக்கறாருண்ணே. எனக்குச் சோறே இறங்கலை."

பாதியில் எழுந்து கை கழுவப் போனபோதுதான், ஃபிரிட்ஜில் காந்தம் வைத்து ஒட்டியிருந்த பூட்டுக்காரரின் கார்டு கண்ணில் பட்டது. ஒட்டியவர் யாரோ, நன்றாக இருக்கட்டும் என்று மனதார வாழ்த்திவிட்டுத்தான் போன் செய்தார்.

பூட்டுக்காரர் தலையை ஆட்டிக்கொண்டே அரத்தை எடுத்தார். வெட்டாத சாவியில் மை தடவி உள்ளே விட்டு அசைத்தால், தட்டுகிற இடத்தில் மை அழிந்திருக்கும், அங்கே மட்டும் ராவ வேண்டும் என்று விளக்கினார். மை எதற்கு, மெழுகுவத்தி ஏற்றிக் கரி பிடிக்கலாமே என்று மாப்பிள்ளை உதவிக்கு வந்தார்.

"பெட்ரோல் கேனைக் கையில வச்சுக்கிட்டா சார்?"

மாப்பிள்ளை கேனை இரண்டடி தள்ளி வைத்தார். பூட்டுக்காரர் முதுகைக் காட்டி உட்கார்ந்து, கொடியில் காயும் துணியை வேடிக்கை பார்த்தபடி கரகரவென்று ராவினார். மாடியில் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது ஆரம்பித்தது. இன்றைக்கு மாமனார் இவ்வளவு நேரம் குளிப்பது தன் நல்ல காலம் என்று மாப்பிள்ளை நினைத்துக்கொண்டார்.

சாவி முதல் திருகலிலேயே திரும்பியது. மூடி கையோடு வந்தது. மாப்பிள்ளை கேனைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டு வரை வடித்தார். அப்புறம்தான் மூச்சே வந்தது. முன்சீட்டு பிழைத்தது.

"இதே மாதிரி இன்னொண்ணும் ராவிக் கொடுத்திடுங்கண்ணே. எதுக்கும் இருக்கட்டும்."

பூட்டுக்காரர் சட்டைப் பையிலிருந்து இன்னொரு சாவியை எடுத்து நீட்டினார். வெட்டி முடித்த புதுச் சாவி.

"இதை எப்ப ராவினீங்க?"

பூட்டுக்காரர் வந்ததிலிருந்து முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்தினார். "எனக்கும் ஒரு மாமனார் இருக்காரு சார், அதான் மனசு கேக்கலை. ரெண்டுமே நேத்து மிஷின்ல வெட்டினது. பெரியவர்தான் அவர் சாவியைக் கொடுத்து, ரெண்டாவே போட்டுடு, மாப்பிள்ளை மறுபடியும் தொலைப்பாருன்னு சொன்னாரு."

மாப்பிள்ளை மூடியைப் பொருத்தி அழுத்தினார். டக்கென்று பூட்டு விழுந்தது. அந்த நொடியே மாடியில் பாட்டு நின்றது.