ஃபயர்வாலில் ஒரு துளை

எழுந்தான். கெட்டிலில் தண்ணீர் கொதிக்க வைத்தான். எலுமிச்சை இலை இரண்டைக் கசக்கிப் போட்டான். வெண்ணெய் தடவிய பிஸ்கட்டைத் தின்றான்.

கறுப்புச் சட்டை. இடுப்பில் வேட்டிபோல் சுற்றிய கறுப்பு சுலு. முகம் கழுவியவன் தாடியைத் தொடவில்லை. துக்கம் கழிக்கும் சடங்கு வரை மழிக்கக் கூடாது.

பஸ்ஸில் சாரல் அடித்தது. ஜன்னல் தார்ப்பாயை இறக்கிவிட்டு, சுவா நகரம் வரும்வரை அந்தத் தார்ப்பாயையே பார்த்துக்கொண்டு வந்தான் அபிசாய்.

அலுவலகத்தில் அவன் நாற்காலியில் வைசாகே உட்கார்ந்திருந்தான். இருவரும் முறைக்கு மச்சான்கள். ஒருவனை ஒருவன் கிண்டல் செய்யாமல் இருந்தால்தான் தப்பு. அபிசாயின் மனைவி உனைசி இறந்த பிறகு வைசாகே அந்த உரிமையை எடுத்துக்கொள்ளவே இல்லை.

இன்று எடுத்துக்கொண்டான்.

“ஏன்டா மச்சான், ஊருக்கெல்லாம் கதவைச் சாத்திட்டு நீ மட்டும் கொல்லைப்பக்கம் ஓட்டை போட்டு வச்சிருக்கியா? ஆக்லாந்துக்காரன் கண்டுபிடிச்சுட்டான். அந்தத் தாடிக்குள்ள இன்னும் என்னென்ன ஒளிச்சு வச்சிருக்க?”

ஆக்லாந்துக்காரன் கணினிப் பாதுகாப்பைத் தணிக்கை செய்ய வந்தவன்.

இணையத்தில் பேசும் மென்பொருளை அலுவலகத்தில் தடை செய்ததே கணினிகளைக் கவனிக்கும் அபிசாய்தான். அது பேச்சைப் பூட்டி அனுப்பும். உள்ளே வருவது குரலா, திருடனா என்று வாசலில் காவல் நிற்கும் ஃபயர்வாலுக்கே தெரியாது. ஊழியர்கள் முணுமுணுத்தார்கள். எல்லோருக்கும் ஒரே சட்டம்தான் என்று சொல்லிவிட்டான்.

பிறகு நர்ஸ் உனைசியைத் தவேயுனி தீவுக்கு மாற்றினார்கள். புயலில் விழுந்த செல்போன் கோபுரம் அங்கே எழவே இல்லை. ஆஸ்பத்திரியின் இணையம் ஒன்றுதான் வழி.

யாரிடமும் சொல்லாமல் ஃபயர்வாலில் ஒரு துளை போட்டான். அவளுடைய இணைய முகவரி நாளுக்கொன்றாக மாறியது. அதனால் துளையை உலகத்துக்கே திறந்து வைக்க வேண்டியிருந்தது.

“மதியத்துக்குள்ள மூடிடு. இல்லன்னா உன் பேரைப் போட்டு மேல எழுதிடுவானாம். வேலை போயிடும்டா.” வைசாகே குரலைத் தாழ்த்தினான். “அந்த வழியா இனிமே யாரு வரப்போறா?”

கேட்டுவிட்டு அவனே வேறு பக்கம் பார்த்தான். நாற்காலியிலிருந்து எழுந்துகொண்டான்.

அபிசாய் உட்கார்ந்தான். ஃபயர்வாலில் துளைக்காக எழுதிய விதியைத் திரையில் திறந்தான். அழிக்கும் பொத்தானின் மேல் அம்பு நின்றது.

கடைசியாக அவள் அழைத்த அன்று துளை ஒரு பக்கக் குரலை மட்டும் விட்டது. அவள் பேசியது அவனுக்குக் கேட்டது. அவன் பேசியது அவளுக்குப் போகவில்லை. சத்தமாகச் சொல்லவும் முடியாது. பக்கத்து மேசைகளில் ஆட்கள்.

அழைப்பு அறுந்ததும் கோளாறைச் சரிசெய்ய உட்கார்ந்தான். சாயங்காலத்துக்குள் இரண்டு பக்கமும் குரல் போய் வரும்படி செய்துவிட்டான். அதற்குள் தீவில் ஆஸ்பத்திரிப் படகு கவிழ்ந்திருந்தது.

அடக்கத்தன்று உனைசியின் தாய் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். என் மகள் கடைசியாக என்ன சொன்னாள் என்று கேட்டாள். உங்களைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள் என்றான். அதை அவள் வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி அழுதாள்.

“மூடிட்டியா?” என்றான் வைசாகே.

அபிசாய் அம்பை நகர்த்தினான். திரையை மூடினான்.

“இல்ல. என் பேரையே எழுதிக்கச் சொல்லு.”

உனைசி உண்மையில் சொன்னது வேறு.

“ஹலோ... நான் பேசறது கேக்குதா? எனக்கு ஒண்ணும் கேக்கலப்பா. சரி, எங்கயும் போயிடாத. படகு திரும்பினதும் நானே கூப்பிடறேன்.”