ஆறு பிள்ளைகள் போதும்

சிங்கப்பூரின் தோ பாயோவில் அன்று பெய் ஷான் ஏறி இறங்கிய நான்காவது பாலர் பள்ளி அது. வேலை முடிந்த கையோடு கிளம்பியிருந்தாள். கால் கடுத்தது. அவள் மகன் ஜுன் காய் மூலையில் உட்கார்ந்து மரக்கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தான்.

"எங்ககிட்ட ஒரு வகுப்புக்கு ஆறே பிள்ளைங்கதான்," என்றார் பள்ளியை நடத்தும் மிஸஸ் குவெக். "பாட்டு, களிமண், சீனம் எல்லாம் உண்டு. ஆமா, இப்ப போற பள்ளிய ஏன் விடுறீங்க? டீச்சர் சரியில்லையா?"

"நல்ல டீச்சர்தான். இருபது பிள்ளைங்களையும் ஒரே மாதிரி பாப்பாங்க."

"அடிப்பாங்களோ?"

"சேச்சே, அதெல்லாம் இல்ல."

"அப்புறம் என்னம்மா? அப்படி ஒரு டீச்சர் கிடைக்கணும்னுதானே எல்லாரும் அலையுறாங்க!"

பெய் ஷான் களைப்போடு சிரித்தாள். அதற்குள் ஜுன் காய் எழுந்து கையை உயர்த்தினான்.

"டீச்சர், ஒண்ணுக்குப் போகணும்."

"வாடா கண்ணு," என்று மிஸஸ் குவெக் எழுந்து கை நீட்டினார். பையன் அவரைத் தாண்டிப் போய்ப் பெய் ஷானின் முன்னால் நின்றான்.

"டீச்சர், போகலாமா?"

மிஸஸ் குவெக் நீட்டிய கையை மெல்ல இறக்கினார்.

"அந்த டீச்சர் நான்தான்," என்றாள் பெய் ஷான். "மத்த பிள்ளைங்க மாதிரியே கூப்பிடணும்னு நானேதான் பழக்கினேன்."

"வீட்டுலயுமா?"

"போன வாரம் காய்ச்சல்ல அனத்தினப்பகூட டீச்சர், டீச்சர்னுதான் அழுதான்."

மிஸஸ் குவெக் சேர்க்கைப் படிவத்தை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார்.

"திங்கக்கிழமையே கொண்டுவந்து விடுங்க," என்றார். "டீச்சர் வேலைய நான் பாத்துக்கறேன்."