சுண்டு விரல் கட்டுரை

"எந்தக் கடையில வாங்கினே இந்தக் கட்டுரையை?"

பேராசிரியர் நம்குங் மேசையைத் தட்டிய வேகத்தில் கோப்பையிலிருந்த பார்லி தேநீர் தளும்பியது. எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணுக்குப் பெயர் கிடையாது. மருத்துவக் கல்லூரி நேர்முகத் தேர்வில் பெயர், பள்ளி, பெற்றோரின் வேலை எதையும் சொல்லக் கூடாது. அவள் ஸ்வெட்டரில் குத்தியிருந்த அட்டையில் பதினேழு என்று மட்டும் இருந்தது.

"வாங்கல சார். நான் எழுதினதுதான்."

"எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க!"

பக்கத்தில் இருந்த இளம் பேராசிரியை பியோவுக்கு எரிச்சலாக வந்தது. விசாரிக்க வேண்டியதுதான், அதற்காக இப்படியா? நாடு முழுக்க வந்த விண்ணப்பக் கட்டுரைகளைக் கணினி ஒப்பிட்டதில், முதியோர் இல்லச் சேவையைப் பற்றிய பதினேழின் கட்டுரையும் புசானில் விண்ணப்பித்த ஒருவரின் கட்டுரையும் வரிக்கு வரி ஒன்றாக இருந்தன. இன்று காலை சியோலில் இவளையும் புசானில் அந்த ஆளையும் விசாரித்து, எது அசல் என்று எழுதியனுப்ப வேண்டும். அசல் தப்பும், நகல் வீட்டுக்குப் போகும்.

"உன் மார்க் தரம் ஒண்ணு புள்ளி எட்டு. ஒண்ணுதான் உச்சம், எண் ஏற ஏற மார்க் கம்மி. இங்க உள்ள வர்றவங்க ஒண்ணு புள்ளி ஒண்ணுக்கு மேல போகமாட்டாங்க. மார்க் வராதவங்கதான் முதியோர் இல்லம், சேவைன்னு கதை அளக்கறது. மார்க்கை விலைக்கு வாங்க முடியாதும்மா. சேவையை வாங்கலாம்."

"சார், சேவைக்கும் சேர்த்துத்தானே நூத்துக்கு நாப்பது வெச்சிருக்கோம்?" என்றாள் பியோ. "வெறும் மார்க்னா கம்ப்யூட்டரே ஆளை எடுத்துடும். நாம எதுக்கு இங்க?"

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க."

கள்ளத்தனம் என்றால் நம்குங்குக்கு ஆகாது என்று கல்லூரி முழுக்கப் பேச்சு. இந்த நாற்பதும் போனால் பதினேழு பட்டியலிலேயே இருக்க மாட்டாள். அது அந்தப் பெண்ணுக்கும் தெரிந்திருந்தது. மடியில் கோத்திருந்த விரல்கள் வெளுத்துப் போயிருந்தன.

"அந்தக் கிழவர் சாகற இடம் இருக்கே, அதுக்கு வருவோம்" என்றார் நம்குங்.

காலையில்தான் சீல் உடைத்து ஆளுக்கொரு கோப்பு கொடுத்திருந்தார்கள். பியோ அவசரமாகப் பக்கத்தைத் தேடினாள். அதற்குள் நம்குங் மூடிய கோப்பின் மேல் கையை வைத்தபடியே ஒப்பித்தார். "'அவர் என் கையைப் பிடிக்கவில்லை. சுண்டு விரலை மட்டும் நீட்டினார். நானும் என் சுண்டு விரலைக் கொடுத்தேன்.' அடடா! சுண்டு விரல் கோத்து டாக்டராவேன்னு சத்தியம் பண்ணிக் குடுத்தியாக்கும்? எவனோ நல்லா சினிமா பார்க்கிறவன் எழுதியிருக்கான்."

"சத்தியம் இல்ல சார்."

"பின்னே?"

"அவர் மர மில்லுல வேலை பார்த்தவர். வலது கையில மிச்சம் அந்த ஒரு விரல்தான் இருந்துச்சு."

பியோ கோப்பிலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

"அதை ஏன் கட்டுரையில எழுதல?" என்றாள் பியோ மெதுவாக.

"கையை எப்பவும் போர்வைக்குள்ளயே வெச்சிருப்பார் மேடம். சாப்பாடு ஊட்டும்போதுகூட வெளிய எடுக்கமாட்டார். அவர் அவ்வளவு மறைச்சதை நான் எப்படி ஊரறிய எழுதுறது?"

"அப்ப இன்னொருத்தர்கிட்ட இந்தக் கட்டுரை எப்படிப் போச்சு?"

"போன வருஷம் திருத்தித் தரச் சொல்லி ஒரு பயிற்சி மையத்துல குடுத்தேன். அவங்க ஒரு பிரதி எடுத்து வெச்சுக்கிட்டாங்க." முதல்முறையாக அவள் குரல் உடைந்தது. "இல்லத்துல கேட்டுப் பாருங்க சார். இப்பவே கேளுங்க."

"நீ போகலாம்" என்றார் நம்குங்.

கதவு சாத்தியதும் பியோ திரும்பினாள். "இதுக்கு மேல என்ன சார் வேணும்? இவதான் அசல். ஒரு வரி எழுதினாப் போதும், புசான்ல உட்கார்ந்திருக்கிற திருட்டுக் கழுதை வெளிய போயிடும்."

நம்குங்கின் முகம் சிவந்தது. "யாரைக் கழுதைங்கறீங்க?"

"திருடினவங்களைத்தான்."

அவர் கோப்பைத் தள்ளி வைத்தார். பேனாவை எடுத்து அறிக்கையில் 'உண்மைத்தன்மை உறுதியாகவில்லை' என்று எழுதி, அதன் கீழ் முத்திரையை அழுத்திக் குத்தினார்.

"மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா சார் உங்களுக்கு? நான் இதுல கையெழுத்துப் போடமாட்டேன்."

"வேண்டாம். குழுத் தலைவர் முத்திரை போதும். அழுது நடிக்கிறதைப் பார்த்து உருகினா நாட்டுல டாக்டர் மிஞ்சமாட்டாங்க."

மதிய இடைவேளை மணி அடித்தது. சாப்பாட்டுக்கு வந்திருந்த கிம்பாப் பொட்டலத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், கதவருகே கூடையில் ஒப்படைத்திருந்த தன் கைபேசியை நம்குங் பாய்ந்து எடுத்தார். உயிர் கொடுத்ததும் அது அலறியது. ஒரு கை கோட்டுக்குள் மாட்டியிருக்க, அவசரத்தில் ஸ்பீக்கரைத் தட்டிவிட்டார்.

"முடிஞ்சுதா? எப்படிப் பண்ணானாம்?"

மறுமுனையில் அவர் மனைவியின் அழுகை அறை முழுக்கக் கேட்டது.

"எல்லாம் போச்சுங்க... சுண்டு விரல் கட்டுரையை அப்பாதான் வாங்கிக் குடுத்தார்னு புசான்ல நம்ம பையனே சொல்லிட்டு வந்துட்டான்!"