ஒன்பதாம் அத்தியாயம்

ஆழ்கடல் ஆராய்ச்சி நீர்மூழ்கிகளைப் பற்றிய புத்தகத்தில் ஒன்பதாம் அத்தியாயத்தையே காணோம். பன்னிரண்டு பக்கத்தையும் யாரோ பிளேடால் சுத்தமாக அறுத்திருந்தார்கள்.

பென்சிலால் ஒரு கோடு போட்டாலே உண்டு இல்லை என்று பண்ணிவிடுகிற மனிதர் நூலகர். சும்மா விடுவாரா? கடைசியாக எடுத்துப் போனது யார் என்று பார்த்தார். ஓய்வு பெற்ற டீச்சரம்மா.

மறுநாளே வரவழைத்துவிட்டார்.

"நீங்கதானா?"

"நான்தான் சார்."

மழுப்புவார் என்று எதிர்பார்த்தவருக்கு இது இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

"முப்பது வருஷம் பாடம் சொல்லிக்கொடுத்தவங்க நீங்க. வேலியே பயிரை மேய்ஞ்சா நான் யார்கிட்ட போய்ச் சொல்றது? அபராதமெல்லாம் இங்க கிடையாது. இதே புத்தகத்தைப் புதுசா வாங்கி வைக்கணும். அதுதான் சட்டம்."

நாலாம் நாள் புதுப் புத்தகம் வந்தது. நூலகர் லேசில் நம்புகிற ஆளா? புரட்டிப் பார்த்தார். அதிலும் ஒன்பதாம் அத்தியாயம் இல்லை.

"என்னம்மா, என்னைப் பார்த்தா கிறுக்கன் மாதிரி தெரியுதா?"

"முழுசாக் கொடுத்தா என் மருமக படிச்சிடுவாளே சார்."

தினமும் சாயங்காலம் அந்தப் புத்தகத்தோடு ஜன்னலோரம் உட்காருகிற பெண் இவருடைய மருமகள் என்பதே நூலகருக்கு அப்போதுதான் தெரிந்தது.

"என் பையன் வர்ற திங்கட்கிழமை இந்த மாதிரி நீர்மூழ்கியிலதான் கடலுக்கு அடியில போறான், ஆராய்ச்சிக்கு. அந்த அத்தியாயம் பூரா விபத்து சார். போனவங்க திரும்பி வராத கதை. அவ வேற மாசமா இருக்கா. இதைப் படிச்சா கண்ணை மூடுவாளா?"

"படிக்காதேன்னு வாயால சொன்னாப் போதாதா?"

"நாங்க ரெண்டு பேரும் பேசி ஒரு வருஷம் ஆச்சு." டீச்சரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதுக்காக அவ பயந்து சாகட்டும்னு விட முடியுமா?"

நூலகர் முத்திரை குத்திப் புத்தகத்தை அலமாரியில் வைத்தார்.

சாயங்காலம் மருமகள் வந்தாள். நேராகப் போய் அந்தப் புத்தகத்தை எடுத்துப் பிரித்தாள். முன்னும் பின்னும் புரட்டினாள். பிறகு அதைத் தூக்கிக்கொண்டு நூலகரிடமே வந்துவிட்டாள்.

"அது வந்து... அச்சாபீஸ்லயே விட்டுப்போச்சும்மா." பொய் சொல்லிப் பழக்கமில்லாத நாக்கு குழறியது.

"நல்லதாப் போச்சு சார். பழைய புத்தகத்துல நான் அதைப் படிச்சிட்டேன். அன்னையிலேருந்து தூக்கமே இல்ல." அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இப்பல்லாம் எங்க அத்தையும் இங்க வர்றாங்களாம். அவங்க கண்ணுல பட்டா தாங்கவே மாட்டாங்க. அதான், வெட்டி எடுத்துடலாம்னு கத்தரிக்கோலோட வந்தேன்."