டாக்டரம்மா குடித்த பாயாசம்

"என்னங்க டாக்டரம்மா, சோத்தைத் தொடவே இல்ல? எங்க எஸ்டேட்டு சமையல் பிடிக்கலியா?"

திலகம் சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். கண் சிரிக்கவில்லை. கணவர் போன பிறகு அந்த வீட்டில் விருந்தாளிக்கென்று இலை போட்டது அன்றுதான்.

டாக்டர் தனேஸ்வரி கோலாலம்பூர்க்காரர். எடை குறைக்க வயிற்றில் ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்குப் பின்னால் என்னென்ன சிக்கல் வரும், எப்படிச் சமாளிப்பது என்று கோலசிலாங்கூர் பக்கத்து இளம் டாக்டர்களுக்குப் பயிற்சி கொடுக்க வந்தவர். திலகத்தின் மகன் பவனேஷும் அவர்களில் ஒருவன். கடைசி நாள் என்று அவன்தான் வற்புறுத்தி மதியச் சாப்பாட்டுக்கு அழைத்து வந்தான்.

"நல்லா இருக்குங்கம்மா. மீன் சாப்பிட்டேனே."

"அந்த ஒரு துண்டா? பூனைக்குக்கூடப் பத்தாதுலா!"

பவனேஷுக்குக் காது சுட்டது. அம்மா விடியலிலிருந்து அடுப்படியில் நின்றது இதற்குத்தானா? பெரிய டாக்டர் என்றால் இவ்வளவு தலைக்கனமா?

"பாயாசமாவது குடிங்க."

தனேஸ்வரி தயங்கினார். பிறகு டம்ளரை வாங்கிக் குடித்தார்.

"இன்னொரு டம்ளர்?"

"போதும்ங்கம்மா."

"போதும்னு சொல்றதுக்கா காய்ச்சினேன்? பிடிங்க!"

திலகம் ஊற்றியே விட்டாள். அதையும் குடித்தவர் சட்டென்று எழுந்தார்.

"கிளம்பறேன்மா."

"கை காயறதுக்குள்ளயா?"

வேகமாக வெளியே போய்விட்டார்.

"பார்த்தியாய்யா? நம்ம வீட்டுல உட்காரக்கூட மனசு வரல" என்றாள் திலகம், இலையை மடித்தபடி.

பவனேஷ் பாத்திரங்களை ஒதுக்கிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தான். செம்பனை மர நிழலில் கார் இன்னும் நின்றிருந்தது. இரண்டு வார்த்தை கேட்டே விடுவது என்று போனான்.

தனேஸ்வரி இருக்கையைச் சாய்த்துப் படுத்திருந்தார். முகமெல்லாம் வேர்வை. விரல்கள் நடுங்கின. நாடியைப் பிடித்தான், தறிகெட்டு ஓடியது.

அந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு இனிப்பு உள்ளே போனதும் வரும் தொல்லை. நேற்று அவரே நடத்திய பாடம்.

"டாக்டர்... நீங்களும் ஆபரேஷன்...?"

"ரொம்ப வருஷமாச்சு. கொஞ்ச நேரத்துல சரியாயிடும். அம்மாகிட்டச் சொல்லிடாதே, துடிச்சுப் போயிடுவாங்க."

"இப்படி ஆகும்னு தெரிஞ்சுமா குடிச்சீங்க?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"போதும்னு சொன்னாலும் விடாம ஊத்த, எனக்கு வீட்டுல யாரும் இல்ல பவனேஷ்."